சிறகுள்ள குதிரையும் நீலப் பீப்பாயும்



வல்லக்கோட்டையை அடுத்த வாடகைக் குடியிருப்பு ஒன்றில், கடந்த ஷஃபான் மாதத்து ஞாயிற்றுக்கிழமையன்று ஒரு சிறு விருந்துக்கு நாம் அழைக்கப்பட்டிருந்தோம். நம் மக்தபில் ஓதும் ஐந்து வயதுச் சிறுமி காயிதாவை முடித்துக் குர்ஆனைக் கையில் எடுத்த நாள் அது. தந்தை வாகன உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் ஷிஃப்ட் வேலை பார்ப்பவர். தாய் வீட்டிலிருந்தே தையல் வேலை செய்பவர். இரண்டே அறைகள் கொண்ட வீடு. அவற்றுள் சிறியதை மகளுக்கென்று ஒதுக்கி, அதைத் தம் கைகளாலேயே அழகுபடுத்தியிருந்தார்கள்.

தொழிற்சாலைகளுக்குச் சரக்கு வந்திறங்கும் பேலட் கட்டைகளைப் பிரித்து, இழைத்து, புத்தகங்கள் வைக்கத் தாழ்வான அலமாரி ஒன்று செய்திருந்தார் தந்தை. கேபிள் சுற்றிவந்த மர உருளை, மேலே பழைய கோரைப்பாய்த் துண்டு ஒட்டப்பட்டு, எழுதுமேசையாகியிருந்தது. பாட்டில் மூடிகளில் அலிஃப் முதல் யா வரை ஒவ்வோர் எழுத்தாகத் தீட்டி, நூலில் கோத்துத் தோரணமாகத் தொங்கவிட்டிருந்தார்கள். ஜன்னல் ஓரத்தில், தந்தையின் கிழிந்த நீலச் சீருடையையும் தாயின் நைந்த பருத்திச் சேலையையும் வெட்டித் தைத்த ஒரு குதிரை. அக்குதிரைக்கு இரண்டு சிறகுகள். மூலையில் பாதியாக அறுக்கப்பட்ட நீலநிறப் பிளாஸ்டிக் பீப்பாய் ஒன்று, அதற்குள் பொம்மைகள்.

உணவு பரிமாறப்படும் முன்பே வழக்கு தொடங்கிவிட்டது. சிறுமியின் தாய்மாமன் அறையை எட்டிப் பார்த்துவிட்டு உரக்கச் சொன்னார்: "என்ன மாப்ளே, கம்பெனியில சம்பளம் கொடுக்கிறதில்லையா? காயலான் கடையை வீட்டுக்குள்ளயே வச்சிட்டீங்களே!" அனைவரும் சிரித்தனர். தையல் வேலை செய்த அந்தத் தாய் மட்டும் சமையலறைக்குள் சென்றுவிட்டார். அடுத்து, மார்க்கப் பற்றுள்ள இளைஞர் ஒருவர் குதிரையைச் சுட்டிக்காட்டி, "ஹஜ்ரத், உருவம் இருக்கிற வீட்டுக்கு மலக்குமார்கள் வரமாட்டார்கள்தானே? நீங்களே சொல்லுங்கள்" என்றார். மூன்றாமவர் ஒருவர், இவையெல்லாம் வெளிநாட்டார் வீடியோவைப் பார்த்துச் செய்வது, நம் கலாசாரம் அன்று என்றார். நாமும் சளைக்கவில்லை. அரைமணி நேரம் ஹதீஸ்களை எடுத்துரைத்தோம். பிரியாணி ஆறிப்போயிற்று.

இத்தனைக்கும் பிறகுதான் அந்தப் பீப்பாயின் பக்கவாட்டில் பாதி கிழிந்து ஒட்டிக்கொண்டிருந்த காகிதம் நம் கண்ணில் பட்டது. சிவப்பு விளிம்பிட்ட சாய்சதுரம். அதற்குள் கருப்பில் ஒரு படம். இரசாயனத்தின் அபாயத்தைக் குறிக்க உலகெங்கும் பயன்படுத்தப்படும் அடையாளம் அது. அதற்குள் இருந்த மரக்கரண்டி ஒன்றைச் சிறுமியின் தம்பி எடுத்து வாயில் வைத்துச் சப்பிக்கொண்டிருந்தான்.

பழைய பலகையைக் கேலி செய்தோம். துணிக்குதிரையை விசாரணைக் கூண்டில் நிறுத்தினோம். குழந்தைக்குத் தீங்கு செய்யக்கூடிய ஒரே பொருளைப் பற்றி நம்மில் ஒருவரும், இதை எழுதும் நாம் உட்பட, ஒரு வார்த்தை கேட்கவில்லை. நம் சமுதாயத்தின் நோய் இந்த ஒரே அறைக்குள் முழுமையாகத் தெரிந்தது என்று சொன்னால் மிகையாகாது. பிள்ளையின் அறைக்குள் வரும் பொருளிடம் நாம் கேட்பது, 'நீ பழையதா, புதியதா? உறவினர் பார்த்தால் என்ன சொல்வார்?' என்பது. மார்க்கம் கேட்கச் சொல்வது வேறு. அல்லாஹுத்தஆலா உணவைப் பற்றிக் கூறும்போது ஹலால், தய்யிப் என இரண்டு சொற்களைச் சேர்த்தே வைக்கிறான். நேர்வழியில் வந்ததா, தூய்மையானதா என்பதே அவ்விரண்டின் பொருள். வசனம் உணவைப் பற்றியது என்பதை நாம் அறிவோம். ஆனால் கையில் கிடைத்ததையெல்லாம் வாயில் வைக்கும் பருவத்துக் குழந்தைக்கு, அறையில் உள்ள ஒவ்வொரு பொருளும் உணவுதான் என்பதைத் தாய்மார்கள் அறிவார்கள்.

முதலில் தாய்மாமனின் கேலிக்கு வருவோம். 'காயலான் கடை' என்ற சொல்லை இழிவாகப் பயன்படுத்தும் முஸ்லிம் சகோதரர்கள், அச்சொல் எங்கிருந்து வந்தது என்று ஒரு கணம் எண்ணிப் பார்க்க வேண்டும். பழைய இரும்பு வணிகத்தில் காயல்பட்டினத்து மரைக்காயர்களும் லெப்பைகளும் பெயர்பெற்றிருந்ததால், அவர்கள் ஊர்ப்பெயரே அக்கடைக்குப் பெயராயிற்று என்பதுதான் பரவலாகச் சொல்லப்படும் விளக்கம். பிறர் எறிந்ததை எடுத்துத் தரம் பிரித்து, மீண்டும் பயன்படும்படி விற்று, அந்த வருவாயில் பள்ளிவாசல் கட்டி, மதரஸா நடத்தி, பிள்ளைகளைக் கரைசேர்த்த முன்னோரின் பெயரைத்தான் நாம் ஏளனச் சொல்லாக்கி வைத்திருக்கிறோம்.

இந்தக் கேலிக்கு ஒரு விலை உண்டு. அதை யாரும் கணக்கிடுவதில்லை. இருங்காட்டுக்கோட்டையில் 1998 இல் கார் உற்பத்தி தொடங்கியது முதல், ஒரகடத்தில் 2010 இல் திறக்கப்பட்ட கார் ஆலையும் அதன்பின் வந்த மோட்டார் சைக்கிள், டயர், லாரித் தொழிற்சாலைகளுமாக இந்த நெடுஞ்சாலைகளின் இருபுறமும் ஊர்கள் உருமாறிவிட்டன. ஏரிப் பாசனத்து நெல்வயல்கள் இருந்த இடங்களில் லைன் வீடுகள் எழுந்துள்ளன. வட மாவட்டங்களிலிருந்தும் தென் மாவட்டங்களிலிருந்தும், பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவர்கள் அவற்றில் வாழ்கிறார்கள். அவர்களில் நம்மவர்களும் கணிசமாக உண்டு. பெரும்பாலோர் ஒப்பந்தத் தொழிலாளர்கள். அத்தகையவர் ஒருவர் உறவினரின் சிரிப்புக்கு அஞ்சி, பிள்ளைக்குப் பளபளப்பான கட்டிலும் கார்ட்டூன் அலமாரியும் வாங்க எங்கே போகிறார்? தவணைக் கடைக்குத்தான். வட்டியை விடாதவர்கள்மீது அல்லாஹ்வும் அவன் தூதரும் போர் அறிவிப்பதாக எச்சரிக்கும் வசனத்தை ஓதிக்கொண்டே, அந்த வட்டியில் வாங்கிய கட்டிலில் பிள்ளையைக் கிடத்தி, தூங்குவதற்குரிய துஆவைக் கற்றுக்கொடுக்கிறோம். 'வட்டியில்லாத் தவணை' என்பார்கள் சிலர். ஒரு மாதம் தவறினால் சேரும் அபராதத்தையும், தொடக்கத்திலேயே பிடிக்கப்படும் கட்டணத்தையும் அந்தத் தாளில் படித்துவிட்டு, அருகிலுள்ள ஆலிமிடம் காட்டிவிட்டுக் கையெழுத்திடுங்கள் என்பதற்கு மேல் இங்கு நாம் விரிக்கவில்லை. பலகையைப் பார்த்துச் சிரித்த மாமன், தவணையில் வந்த கட்டிலைப் பார்த்திருந்தால் பாராட்டியிருப்பார். மருமகன் வட்டிக்குள் விழுந்ததற்கு அவர் ஒரு பொழுதும் வருந்தியிருக்கமாட்டார்.

இனி, பழையதைப் புதிய பயனுக்கு மாற்றுவது 'நம் கலாசாரம் அன்று' என்றவருக்கு. அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் இல்லத்துக்கு அவரை அழைத்துச் செல்கிறோம். அன்னையவர்கள் உருவங்கள் நிறைந்த திரைச்சீலை ஒன்றைத் தொங்கவிட்டிருந்தார்கள். பயணத்திலிருந்து திரும்பிய நபி (ஸல்) அவர்கள் அதை வெறுத்து இழுத்துக் கிழித்தார்கள். கல்லுக்கும் மண்ணுக்கும் ஆடை அணிவிக்குமாறு அல்லாஹ் நமக்குக் கட்டளையிடவில்லை என்ற கருத்தையும் கூறினார்கள். பெரும்பாலான பயான்கள் இந்த இடத்தோடு நின்றுவிடும். ஆனால் ஸஹீஹ் முஸ்லிமில் வரும் அறிவிப்பு நிற்பதில்லை. கிழிந்த அத்துணியை அன்னையவர்கள் எறியவில்லை. அதை வெட்டி இரண்டு தலையணைகள் செய்து, உள்ளே பேரீச்சை நாரைத் திணித்தார்கள். நபியவர்கள் அதைக் குறை கூறவில்லை. சுவருக்கு ஆடம்பரமாக நின்றபோது மறுக்கப்பட்ட அதே துணி, மனிதன் சாய்ந்துகொள்ளும் பொருளாக மாறியபோது ஏற்கப்பட்டது. ஓர் அறையை எப்படி அலங்கரிப்பது என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் எந்தச் சஞ்சிகையிலும் கிடைக்காது.

இறந்துகிடந்த ஓர் ஆட்டைக் கண்ட நபியவர்கள், அதன் தோலை எடுத்துப் பயன்படுத்தியிருக்கலாமே என்று கேட்டதையும், அது செத்ததாயிற்றே என்று கூறப்பட்டபோது, உண்பதுதான் தடுக்கப்பட்டது என்று விளக்கியதையும் புகாரியும் முஸ்லிமும் பதிவுசெய்துள்ளன. ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் தலைமுறைகளாகத் தோல் பதனிடும் நம்மவர்களுக்கு இந்த ஹதீஸ் நன்கு தெரியும். தம் காலணியைத் தாமே தைத்துக்கொண்ட, தம் ஆடையைத் தாமே ஒட்டுப்போட்டுக்கொண்ட ஒரு தலைவரின் உம்மத் நாம். நம் பாட்டிமார்களும் இதை அறிந்திருந்தார்கள். நைந்த சேலையில்தான் ஏணை கட்டினார்கள். பழைய கைலிகளை அடுக்கித் தைத்துத்தான் பிள்ளைக்கு விரிப்பு செய்தார்கள். அதற்கு ஆங்கிலப் பெயர் ஒன்று வந்து, வீடியோவாகத் திரும்பி வந்ததும் அது அந்நியமாகத் தோன்றுகிறது போலும்.

இங்கே மறுபக்கத்தையும் கண்டிக்காமல் விட்டால் நீதியாகாது. பழையதைப் புதுப்பிக்கிறோம் என்ற பெயரில், அதற்கென்றே புதிய பசைத் துப்பாக்கி, புதிய தெளிப்பு வண்ணம், புதிய மின்விளக்குச் சரம், புதிய கண்ணாடிக் குடுவை என்று வாங்கிக் குவித்து, இறுதியில் ஒரு படம் எடுத்துப் போட்டுவிட்டு மறுமாதம் தூக்கி எறிபவர்களும் நம்மில் இருக்கிறார்கள். வீண்விரயம் செய்வோர் ஷைத்தானின் சகோதரர்கள் என்று கூறும் வசனம், பொருள் பழையதாக இருந்துவிட்டால் செல்லாது என்று யார் சொன்னார்? புதியது வாங்கவே கூடாது என்பதும் நம் கருத்தன்று. பத்தமடையில் கோரைப்பாய் நெய்யும் லெப்பைக் குடும்பத்துப் பெண்ணிடம் ஒரு பாயைப் புதிதாக வாங்கிப் பிள்ளையின் அறையில் விரித்தால், அது விரயமாகாது; ஓர் அடுப்பு எரியும்.

சிறகுள்ள குதிரைக்கு வருவோம்.

அபூதாவூதில் இடம்பெறும் செய்தி இது. தபூக்கிலிருந்தோ கைபரிலிருந்தோ, அறிவிப்பாளருக்கு அதில் ஐயம், நபியவர்கள் திரும்பி வருகிறார்கள். அன்னை ஆயிஷாவின் அறையில் ஒரு மாடம். அதன்மேல் ஒரு திரை. காற்று அத்திரையின் ஓரத்தை விலக்கவே, உள்ளே அன்னையவர்களின் பொம்மைகள் தெரிகின்றன. அவற்றின் நடுவே ஒரு குதிரை. அதற்குத் துணித்துண்டுகளால் ஆன இரண்டு சிறகுகள். இது என்னவென்று நபியவர்கள் கேட்க, குதிரை என்கிறார்கள் அன்னை. அதன்மேல் இருப்பது என்னவென்று கேட்க, சிறகுகள் என்கிறார்கள். குதிரைக்குச் சிறகா என்று வியக்க, ஸுலைமான் (அலை) அவர்களிடம் சிறகுள்ள குதிரைகள் இருந்ததை நீங்கள் கேள்விப்பட்டதில்லையா என்று பதில் வருகிறது. கடைவாய்ப் பற்கள் தெரியுமளவு நபியவர்கள் சிரித்துவிட்டார்கள்.

படையோடு நெடும்பயணம் சென்று திரும்பிய களைப்பு இருந்திருக்கும். ஆயினும் ஒரு பொம்மையைப் பற்றி நான்கு கேள்வி கேட்க அவர்களுக்கு நேரம் இருந்தது. கிழிந்த துணியில் செய்தது என்ற இகழ்ச்சி அங்கு இல்லை. கற்பனைக்குத் தண்டனை இல்லை. உருவப்படங்களைக் கடுமையாகத் தடுத்த அதே நபியவர்கள்தாம் இங்கே சிரித்தவர்கள். இரண்டையும் சேர்த்துப் படித்த இமாம்களில் பெரும்பாலோர், மதிப்பளித்துச் சுவரில் மாட்டும் உருவம் வேறு, குழந்தை கையில் புரட்டி விளையாடும் பொம்மை வேறு என்று பிரித்துக் காட்டினார்கள். இதில் கருத்து வேறுபாடு கொண்டவர்களும் உண்டு. அவர்களின் பேணுதலை நாம் மதிக்கிறோம். சுவரில் மரமும் நட்சத்திரமும் கப்பலும் எழுத்துகளும் போதும். உயிருள்ளவற்றின் படங்களை மாட்ட வேண்டாம் என்றே நாமும் பெற்றோருக்குச் சொல்லி வருகிறோம். ஆனால், ஒரு தாய் இரவு கண்விழித்துத் தைத்த குதிரையைச் சபை நடுவே சிலையென்று அழைப்பது பேணுதல் ஆகாது. ஹதீஸின் ஒரு பாதியை மட்டும் மனனமிட்டதன் விளைவு அது. அந்த இளைஞரிடம் இதைச் சொன்னபோது அவர் மௌனமானார். ஏற்றுக்கொண்டாரா என்பது தெரியவில்லை.

ஆஷூரா நோன்பைப் பற்றி ருபய்யிஉ பின்த் முஅவ்வித் (ரலி) அவர்கள் அறிவிப்பதும் இதே வகையே. மதீனத்துத் தாய்மார்கள் சிறுவர்களையும் நோன்பிருக்கச் செய்வார்கள். பசியால் அழும் பிள்ளைக்குக் கம்பளி உரோமத்தில் செய்த விளையாட்டுப் பொருளைக் கொடுத்து, நோன்பு திறக்கும் நேரம்வரை ஆறுதல்படுத்துவார்கள். வீட்டில் கிடந்த உரோமம் இபாதத்துக்குத் துணையாயிற்று.

நம் காலத்திலும் நம் நாட்டிலும் இதற்கு ஒரு சான்று உண்டு. அர்விந்த் குப்தா கான்பூர் ஐ.ஐ.டி.யில் பொறியியல் படித்து, புனேயில் லாரி செய்யும் ஆலையில் வேலை பார்த்தவர். 1978 இல் விடுப்பு எடுத்துக்கொண்டு மத்தியப் பிரதேசத்தின் கிராமப் பள்ளிகளில் அறிவியல் கற்பிக்கும் ஹோஷங்காபாத் திட்டத்துக்குச் சென்றார். அங்கே சந்தையில் கிடைத்த சைக்கிள் வால்வு ரப்பர்க் குழாயையும் தீக்குச்சிகளையும் இணைத்து முக்கோணமும் கனசதுரமும் செய்ய வைத்தார். பிறகு தம் வாழ்வையே குப்பையிலிருந்து பொம்மை செய்யக் கற்பிப்பதற்கு ஒப்படைத்தார். 2018 இல் இந்திய அரசு பத்மஸ்ரீ வழங்கியது. வாகன ஆலையில் வேலை பார்க்கும் நம் சகோதரர்களுக்கு இந்த வரலாறு பிறரைவிட நெருக்கமானது. திருகாணியும் வாஷரும் ஸ்பிரிங்கும் என்ன செய்யும் என்பதை அறிந்த கைகள் அவர்களுடையவை. அந்த அறிவை மகளுடன் உட்கார்ந்து செலவிட ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். ஷிஃப்ட் முடிந்து வந்து செல்போனில் மூழ்கும் தந்தையைவிட, மரத்தூளோடு உட்கார்ந்திருக்கும் தந்தையைப் பிள்ளை நினைவில் வைத்திருப்பாள்.

இவ்வளவும் பழைய பொருளுக்காக நாம் செய்த வாதம். இனி அதற்கு எதிராகவும் பேச வேண்டும். அந்தப் பீப்பாய் நம் கண்ணைவிட்டு அகலவில்லை.

இரசாயனம் பட்ட வெற்றுப் பீப்பாய்களையும் கலன்களையும், 2016 ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகள் அபாயகரக் கழிவு என்றே பட்டியலிடுகின்றன. கழுவிவிட்டோம், வெயிலில் காயவைத்தோம் என்ற சமாதானம் இங்கு எடுபடாது. அத்தகைய பிளாஸ்டிக் தனக்குள் இருந்ததைக் கொஞ்சம் உறிஞ்சி வைத்துக்கொள்ளும். ஆனால் இந்தப் பகுதியின் சாலையோரங்களில் நீலப் பீப்பாய்கள் அடுக்கி விற்கப்படுவதை நாம் நாள்தோறும் காண்கிறோம். அவற்றில் தண்ணீர் பிடித்து வைக்கும் வீடுகளும் உண்டு. பழச்சாறோ உணவுப்பொருளோ வந்த பீப்பாய்களும் அவற்றுள் இருக்கலாம். எது எதுவென்று வாங்குபவருக்குத் தெரியாது, விற்பவருக்குத் தெரிந்திருக்கக்கூடும். உள்ளே என்ன இருந்தது என்று எழுத்தில் தெரியாத எந்தக் கலனும் பிள்ளையின் அறைக்குள், அடுப்படிக்குள் நுழையக் கூடாது. லேபிள் கிழிக்கப்பட்டிருந்தால் அதுவே போதுமான எச்சரிக்கை.

பேலட் கட்டைக்கும் ஒரு சாட்சியம் உண்டு. கப்பலில் நாடு விட்டு நாடு செல்லும் மரப்பொதிகளோடு பூச்சிகள் பரவாமலிருக்க, 2002 இல் சர்வதேசத் தரநிலை ஒன்று வகுக்கப்பட்டது. 15 ஆம் எண் தரநிலை என்பார்கள். அதன்படி கட்டையில் கோதுமைக் கதிர் போன்றதொரு சின்னமும், நாட்டின் குறியீடும், பதப்படுத்திய முறையும் முத்திரையிடப்பட்டிருக்கும். 'ஹெச்.டி.' என்ற எழுத்துகள் இருந்தால், கட்டையின் மையம்வரை 56 பாகை செல்சியஸ் வெப்பம் 30 நிமிடம் ஏற்றப்பட்டது என்று பொருள், அது நல்லது. 'எம்.பி.' என்று இருந்தால் மெத்தில் புரோமைடு என்ற நச்சுவாயு செலுத்தப்பட்டது, அதை விட்டுவிடுங்கள். அவ்வாயு நாளடைவில் பறந்துவிடும் என்று வாதிடுவோர் உண்டு. வேறு கட்டை கிடைக்கும் ஊரில் இந்த வாதத்துக்கு என்ன அவசியம்? முத்திரை நல்லதாக இருந்தாலும் எண்ணெய்க் கறையோ இரசாயன வாடையோ இருக்கும் கட்டையையும் தள்ளுங்கள். அதன்மேல் என்ன சிந்தியது என்பதை முத்திரை சொல்லாது. நம் சிறுமியின் அலமாரிக்குப் பின்னே குனிந்து பார்த்தோம்: ஹெச்.டி. என்றே இருந்தது. அல்ஹம்துலில்லாஹ். அலமாரியைச் சுவரோடு ஆணியடித்து இறுக்கும்படி மட்டும் கூறினோம்; பிள்ளைகள் ஏணியென்று நினைத்து ஏறுவார்கள்.

வீடு இடித்த சாமான் கடையிலிருந்து வாங்கும் பழைய ஜன்னல், கதவு, தொட்டில் ஆகியவற்றில் அபாயம் வண்ணத்தில் இருக்கிறது. வீட்டு வண்ணப்பூச்சில் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் ஈயம் இருக்கலாகாது என்ற மத்திய விதி நடைமுறைக்கு வந்தது 2017 நவம்பரில்தான். அதற்கு முந்தைய வண்ணத்தில் எவ்வளவு ஈயம் இருக்கும் என்று பார்த்துச் சொல்ல இயலாது. உரிந்துவிழும் செதிலும், உப்புத்தாள் வைத்துத் தேய்க்கும்போது எழும் தூசியும் குழந்தையின் உடலுக்குள் சென்றால் மூளை வளர்ச்சியையே பாதிக்கும். மார்க்கக் கல்விக்கும் உலகக் கல்விக்கும் பிள்ளையின் நினைவாற்றலையே நம்பியிருக்கும் நமக்கு இதைவிடப் பெரிய இழப்பு இல்லை. எனவே பழைய வண்ணம் பூசிய மரத்தை வீட்டுக்குள் தேய்க்காதீர்கள். வண்ணம் பூசாத மரத்தையே தேடுங்கள்.

டயர்? வாசலில் ஊஞ்சலாகத் தொங்கட்டும். மழைநீர் தேங்காதபடி அடியில் துளையிடுங்கள். பழைய டயரில் தேங்கும் நீர் டெங்குக் கொசுவுக்கு மிகவும் பிடித்த இடம்.

இதுவரை தய்யிப் பற்றி. ஹலால் பற்றிப் பேசுவது இதைவிடக் கசப்பானது. தொழிற்சாலைக் கழிவு உரிமையாளர் அற்ற பொருள் அன்று. அதற்கு ஒப்பந்தம் உண்டு, ஏலம் உண்டு, கேட் பாஸ் உண்டு. 'எப்படியும் வீணாகத்தானே போகிறது' என்று சொல்லி, பையில் நான்கு ஸ்பிரிங்குகளையும் ஒரு சுருள் கம்பியையும் வைத்துக்கொண்டு வெளியே வரும் கை, அமானத்தை முறித்த கை. பிள்ளையின் அறையை அழகாக்கவே எடுத்தேன் என்பது அதைக் குறைக்காது, கூட்டும். மேற்பார்வையாளரிடம் கேட்டு, எழுதி வாங்கிக்கொண்டு எடுத்துவருவது கடினமன்று; கொடுக்கிறார்கள். கேட்பதற்கு வெட்கப்படுபவர் எடுப்பதற்கு வெட்கப்படாததுதான் நமக்கு விளங்கவில்லை. திருட்டுப் பொருள் என்று தெரிந்தே மலிவாக வாங்கும் கடைக்காரருக்கும் இதில் பங்கு உண்டு.

அக்கடைக்காரர்களில் நம்மவர்கள் பலர். அவர்களிடம் நேரடியாகவே கேட்கிறோம். உலர்ந்த தானியத்தின் அடியில் நனைந்த தானியத்தை மறைத்து விற்ற வணிகரின் குவியலுக்குள் நபியவர்கள் கைவிட்டுப் பார்த்து, ஏமாற்றுபவர் நம்மைச் சார்ந்தவரல்லர் என்று எச்சரித்த சம்பவத்தை உங்கள் கடையில் எத்தனை முறை ஜும்ஆ முடிந்து பேசியிருப்பீர்கள்? லேபிளைக் கிழித்துவிட்டுப் பீப்பாயை விற்பது அந்த நனைந்த தானியத்தைவிட எவ்வகையில் குறைந்தது? நனைந்த தானியத்தால் பணம்தான் போயிற்று. ஜமாஅத்தில் சந்தா வசூலிக்கும் பொறுப்பாளர்கள், ஒரு கடைக்காரர் எவ்வளவு தந்தார் என்று பலகையில் எழுதுகிறார்கள். எதை விற்றுத் தந்தார் என்று தனியே அழைத்துக் கேட்கும் துணிவும் அவர்களுக்கு வேண்டும்.

கொடுப்பதைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறோம். ஒவ்வொரு ரமளானிலும் நம் மக்தபின் வாசலில் மூட்டைகள் வந்து இறங்குகின்றன. ஒரு சக்கரமில்லாத கார், கண்ணில்லாத கரடி, பேட்டரி கசிந்து பச்சை பூத்த ரயில். 'ஏழைப் பிள்ளைகளுக்கு' என்று சீட்டு எழுதி ஒட்டியிருக்கும். கண்ணை மூடிக்கொண்டன்றித் தாமே வாங்கமாட்டாததைப் பிறருக்குத் தரவேண்டாம் என்று குர்ஆன் தடுத்திருக்க, இது ஸதகா என்று யார் கற்றுத்தந்தார்? சக்கரத்தை மாட்டுங்கள், கண்ணைத் தையுங்கள், பேட்டரியை எடுத்துத் துடையுங்கள், பிறகு கொண்டுவாருங்கள். பழையதாக இருப்பதில் எங்கள் பிள்ளைகளுக்கு ஆட்சேபணை இல்லை.

மீண்டும் அந்த வீட்டுக்கு. பீப்பாயைப் பற்றித் தந்தையிடம் தனியே சொன்னோம். அவர் முகம் வெளிறிவிட்டது. பொம்மைகளை எல்லாம் சோப்பு நீரில் கழுவினார்கள், மரக்கரண்டியை எறிந்தார்கள். அன்று மாலையே அவர் பீப்பாயை மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு வாங்கிய கடைக்குச் சென்றார். அறுத்துவிட்டீர்கள், திரும்ப எடுக்கமாட்டேன் என்று கடைக்காரர் மறுத்துவிட்டார். வேறு எவருக்கும் விற்கவும் அவருக்கு மனம் ஒப்பவில்லை; தெருவில் போட்டால் வேறொரு வீட்டார் எடுத்துச் செல்வார்கள். கம்பெனியின் பாதுகாப்புப் பிரிவில் கேட்டிருக்கிறார், அனுமதி பெற்ற கழிவு நிறுவனத்துக்கு அவர்கள் அனுப்பும்போது இதையும் சேர்த்துக்கொள்வார்களா என்று. பதில் வரும்வரை, சாயம் போன தார்ப்பாயைச் சுற்றி, கயிறு கட்டி, மொட்டைமாடியில் வைத்திருக்கிறார். பொம்மைகள் இப்போது அரிசிச் சாக்கில் இருக்கின்றன; அதற்கும் சிறகு வைத்துத் தரும்படி சிறுமி கேட்டுக்கொண்டிருக்கிறாளாம்.